புல்மோட்டைக்கு வான் அனுப்பாமல் ரவுட்டரை மாற்றுவது: கொள்வனவுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்ட அலுவலகங்களுக்கு வலையமைப்பு உபகரணம் வாங்கும் கொள்வனவுக் குழுக்களுக்கும், அவற்றின் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுக்களில் அமரும் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

சுவிட்ச், ரவுட்டர் வாங்குவதற்கான கேள்விப்பத்திரங்களில் ஒரு வரி வழக்கமாக வரும்: "எஸ்என்எம்பி, வெப், சிஎல்ஐ மூலம் முகாமை செய்யக்கூடியதாக இருத்தல் வேண்டும்." (எஸ்என்எம்பி என்பது உபகரணத்தைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் முறை, சிஎல்ஐ என்பது கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் திரை.) எதிரே உள்ள கட்டத்தில் வழங்குநர் "ஆம்" என்று எழுதுவார். அந்த வரிக்கு "இல்லை" என்று எழுத வேண்டிய அலுவலகத் தர உபகரணம் சந்தையில் இல்லை என்றே சொல்லலாம். கண் பெருத்த அரிதட்டில் அரிசியும் விழும், கல்லும் விழும். இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

தானியங்கல் வேண்டும் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நகரில் ஒரு சேர்வர் இருக்கும். அங்கிருந்தே கிண்ணியா, மூதூர், குச்சவெளி, வெருகல் என்று எல்லாக் கிளைகளின் சுவிட்சையும் மாற்ற வேண்டும், கண்காணிக்க வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த சேர்வர் உபகரணத்தோடு எந்த மொழியில் பேசும் என்பது வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பெட்டிக்குள் இல்லாத மொழியை, அதாவது நெறிமுறையை, பின்னர் எந்த மென்பொருளாலும் உள்ளே வைக்க முடியாது. உபகரணத்தின் உள்மென்பொருளான ஃபேர்ம்வெயாரைப் புதுப்பித்தால் வரும் என்பார்கள். வந்தால் வரும், அதை நம்பிப் பணம் கொடுக்க முடியாது.

எது புதியது, எது வேகமானது என்று கேட்டுத் தொடங்குவது எங்கள் கருத்தில் தவறான தொடக்கம். நாம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தொலைவிலிருந்து செய்த மாற்றம் பிழைத்துவிட்டால், ஒருவரும் போகாமலே அந்த உபகரணம் பழைய நிலைக்குத் திரும்புமா? புல்மோட்டை நகரிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல். மகாவலி பெருகும் நாட்களில் வெருகல் பக்கம் பாதையே இருக்காது. கிளை அலுவலகத்தில், உபகரணத்தோடு மடிகணினியை நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிள் போடத் தெரிந்தவர் இருப்பார் என்றும் எதிர்பார்க்க முடியாது. தொலைவிலிருந்து முகாமை இணைப்பையே மாற்றுவது நுனிக்கொம்பில் இருந்துகொண்டு அடிக்கொம்பை வெட்டும் வேலை. கொம்பு முறிந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும் ஏற்பாடு எந்த நெறிமுறையில் இருக்கிறது என்று பார்த்தால், தெரிவு பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

எஸ்எஸ்எச் என்ற மறைகுறியிட்ட தொலை இணைப்பில் நுழைந்து கட்டளை அடிக்கும் ஸ்கிரிப்ட்தான் பலருக்கு முதல் தானியங்கல். பைதன் நிரல்மொழியும் அதற்கான நெட்மிக்கோ நூலகமும் இருந்தால் ஒரு பின்னேரத்தில் எழுதி ஓட்டிவிடலாம். ஐம்பது சுவிட்சின் கொன்ஃபிக்கை, அதாவது அமைப்பு விவரத்தை, இரவில் பிரதி எடுத்து வைப்பதற்கு இதைவிட இலகுவான வழி கிடையாது. அதற்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் செய்யும்போதுதான் வில்லங்கம். சிஎல்ஐ மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்டது. நாற்பது வரியை அனுப்புகிறீர்கள், ஏழாவது வரியில் ஓர் எழுத்துப் பிழை. உபகரணம் "இன்வலிட் இன்புட்" என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டு எட்டாவது வரியை ஏற்றுக்கொள்ளும், நிற்காது. அந்த ஏழாவது வரி, எந்தப் போக்குவரத்தை விடலாம் என்று சொல்லும் ஓர் அக்சஸ் லிஸ்டின் அனுமதி வரியாக இருந்தால், பட்டியலின் கடைசியில் எழுதாமலே இருக்கும் "மற்றதெல்லாம் மறுக்க" என்ற விதி வேலை செய்யத் தொடங்கும். கிளை முழுவதும் இருட்டு. ஸ்கிரிப்டோ "வெற்றி" என்று பதிந்திருக்கும், ஏனெனில் பிழை என்பதும் அதற்கு இன்னொரு எழுத்துவரிதான். "மோர்" என்று பக்கம் நிறுத்துவது, "உறுதியா?" என்று இடையில் கேட்பது, ஃபேர்ம்வெயார் மாறியதும் அட்டவணையில் ஒரு நிரல் இடம் மாறுவது போன்ற தொல்லைகள் வேறு.

பழகிய கைகள் மாற்றத்துக்கு முன் "ரீலோட் இன் 10" என்று அடித்துவிட்டே தொடங்கும். பத்து நிமிடத்துக்குள் அதை ரத்துச் செய்யாவிட்டால் சிஸ்கோ உபகரணம் மறுதொடக்கம் ஆகி, சேமித்து வைத்த பழைய கொன்ஃபிக்கோடு எழும்பும். நல்ல உபாயம்தான். ஆனால் ஒரு விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு) பிழைக்காக அலுவலகம் முழுவதையும் பல நிமிடம் நிறுத்துகிறது. மாற்றத்தின் நடுவில் யாராவது பழக்கதோஷத்தில் சேமித்துவிட்டால், எழும்புவது அந்தப் பிழையோடேயே.

எஸ்என்எம்பி பற்றி ஒரு தெளிவு வேண்டும், கேள்விப்பத்திரங்களில் அதிகம் குழம்புவது இங்கேதான். அது 1988இல் வந்தது. அதில் "செட்" என்ற செயல் இருப்பதால் எழுதவும் முடியும் என்பது ஏட்டளவில் உண்மை. ஆனால் 2002 ஜூனில் இணையக் கட்டமைப்புக் குழு கூட்டிய பட்டறையில், எஸ்என்எம்பியைக் கண்காணிப்புக்குத்தான் வைத்திருக்கிறோம், கொன்ஃபிக் செய்வதற்கு அல்ல என்று வலையமைப்பு நடத்துபவர்களே சொல்லிவிட்டார்கள். 2003 மேயில் அந்தப் பட்டறையின் அறிக்கை, ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத் தொடரில் 3535ஆம் இலக்கமாக வெளியானது. 2014இல் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃபின் வழிநடத்தும் குழுவும், இனி எழுதத்தக்க மிப்களை (எஸ்என்எம்பியின் தரவு வரையறைகளை) உருவாக்குவதை விட்டு, நெட்கொன்ஃப் என்ற கொன்ஃபிக் நெறிமுறையும் யாங் என்ற தரவு மாதிரி மொழியும் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. ஆகவே எழுதும் அனுமதியுள்ள கம்யூனிட்டிச் சொல் (எஸ்என்எம்பியில் கடவுச்சொல் போன்றது) ஒன்றை எங்கும் வைக்கக் காரணமே இல்லை. இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வாசிப்பதற்கு அது இன்னும் நல்ல கருவி, சரியாகக் கேட்டால். இன்டர்பேஸில் வந்த பைட்டுகளைச் சொல்லும் பழைய எண்ணி 32 பிட். 4,294,967,296 பைட்டில் அது பூச்சியத்துக்குத் திரும்பும். ஒரு கிகாபிட் இணைப்பு நிறைந்து ஓடினால் அதற்கு ஏறத்தாழ 34 செக்கன் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வாசிக்கும் கருவிக்கு இடையில் எட்டுச் சுற்று ஓடிவிட்டது தெரியாது. வரைபடம் "இணைப்பு பெரும்பாலும் காலி" என்று பொய் சொல்லும், அதைப் பார்த்துவிட்டுக் கூடுதல் அலைவரிசை தேவையில்லை என்று ஒரு கோப்பும் முடியும். 1.3.6.1.2.1.2.2.1.10 என்ற இலக்கமுள்ள அந்தப் பழைய எண்ணியை விட்டு 1.3.6.1.2.1.31.1.1.1.6 என்ற 64 பிட் எண்ணியைக் கேட்க வேண்டும். முதலாம் பதிப்பில் 64 பிட் எண்ணி போகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

2சி பதிப்பில் கம்யூனிட்டிச் சொல் மறைப்பில்லாமல் கம்பியில் போகிறது. மூன்றாம் பதிப்பில் அடையாள உறுதிப்பாடு, மறைகுறியீடு இரண்டும் உண்டு. ஆனால் அதற்கென்றே ஒரு பொறி இருக்கிறது. பயனரின் திறவு அந்த உபகரணத்தின் எஞ்சின் ஐடி என்ற தனி அடையாளத்தோடு பிணைந்தது. சிஸ்கோவின் ஐஓஎஸ் மென்பொருளில் அந்தப் பயனர் வரி கொன்ஃபிக் பிரதியில் தெரிவதே இல்லை. ஐப்பசி மின்னலில் ஒரு சுவிட்ச் எரிந்து, பிரதியை மாற்று உபகரணத்தில் ஏற்றினால் எல்லாம் சரியாக வரும், எஸ்என்எம்பி மட்டும் ஊமையாக இருக்கும். மாற்றும் படிவத்தில் "பயனரை மீண்டும் உருவாக்கு" என்று ஒரு வரி சேர்த்தால் ஒரு நாள் தேடல் மிச்சம்.

இனி நெட்கொன்ஃப். முதலில் 2006இல் வந்தது, இன்று நடைமுறையில் இருக்கும் வடிவம் 2011இன் ஆர்எஃப்சி 6241. எஸ்எஸ்எச்சின் மேல் 830ஆம் போர்ட்டில் (இது கேபிள் செருகும் துளை அல்ல, மென்பொருளின் வாயில் இலக்கம்) பேசும். இதன் பெறுமதியை வேலையில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்; ஆகவே ஒரு மாற்றத்தை நெருங்கிப் பார்ப்போம். புல்மோட்டைக் கிளையின் சுவிட்சில் 24ஆம் போர்ட்தான் நகரை நோக்கிய இணைப்பு என்று வையுங்கள். அந்தப் போர்ட்டில் போகும் விலான் பட்டியலை மாற்ற வேண்டும்.

இணைந்ததும் இரு தரப்பும் "ஹலோ" சொல்லி, தமக்கு என்னென்ன முடியும் என்று பட்டியல் கொடுக்கும். அதில் கண்டிடேட் (வரைவு), கன்ஃபர்ம்ட் கமிட் 1.1 (கெடுவோடு நடைமுறைப்படுத்துவது), வலிடேட் (சரிபார்ப்பது) மூன்றும் இருக்கின்றனவா என்று ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் கொன்ஃபிக்கான ரன்னிங், வரைவான கண்டிடேட் இரண்டையும் பூட்டுவது. பூட்டு மறுக்கப்பட்டால் வேறொருவர் பூட்டி வைத்திருக்கிறார், அல்லது முன்பு யாரோ கண்டிடேட்டில் பாதி எழுதிவிட்டு விட்டுப்போயிருக்கிறார். இரண்டாவதானால் "டிஸ்கார்ட் சேஞ்சஸ்" கொடுத்துத் துப்புரவாக்கிய பின்தான் பூட்டு கிடைக்கும். பூட்டிய பின் மாற்றத்தைக் கண்டிடேட்டில் எழுதுவது. இது வரைவுத்தாள்; ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்சுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. நாற்பது வரியில் ஒன்று பிழையென்றால் நாற்பதையும் தள்ளிவிடச் சொல்லலாம். பிறகு வலிடேட். அதன் பின்னரே கமிட், அதுவும் உறுதிப்படுத்த வேண்டிய கமிட்டாக, 120 செக்கன் கெடுவோடு.

இப்போது மாற்றம் நடைமுறைக்கு வந்துவிட்டது, மணிக்கூடும் ஓடுகிறது. ஸ்கிரிப்ட் நகரிலிருந்து கிளையின் கேட்வேயைப் பார்க்கிறது, கிளையிலுள்ள ஒரு பிரின்டரைப் பார்க்கிறது, 830க்குப் புதிதாக ஓர் இணைப்புத் திறந்து பார்க்கிறது. எல்லாம் சரியென்றால் இரண்டாவது கமிட். அதோடு மாற்றம் நிரந்தரம். விலான் இலக்கம் பிழைத்து இணைப்பே அறுந்துவிட்டதா? இரண்டாவது கமிட் வந்து சேராது. கெடு முடிந்ததும் சுவிட்ச் தானே பழையதற்குத் திரும்பும். வான் தேவையில்லை.

கெடுவை எவ்வளவு வைப்பது என்பதில் கவனம். ஒன்றும் சொல்லாவிட்டால் 600 செக்கன்; பிழைத்தால் கிளை பத்து நிமிடம் இருட்டில் இருக்கும். 30 என்று வைத்தால் மறுபுறத்தில் பிழை: வலையமைப்பில் சுழல் விழாமல் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீயில் ஒரு போர்ட் கேட்டலுக்கும் கற்றலுக்குமே 15, 15 என்று 30 செக்கன் எடுக்கும். சரியான மாற்றத்தையும் பிழையென்று எண்ணித் திருப்பிவிடும். 120 ஒரு நடுத்தர அளவு.

இன்னொரு நுணுக்கம் உண்டு; இதைத் தெரியாமல் நெட்கொன்ஃபையே குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். உறுதிப்படுத்த வேண்டிய கமிட்டைக் கொடுத்த அமர்வு அறுந்தால், கெடு முடியும் வரை உபகரணம் காத்திருக்காது, உடனேயே திருப்பிவிடும். சாதாரண மாற்றத்துக்கு அது நல்லதுதான். ஆனால் முகாமை ஐபி முகவரியையே மாற்றும்போது அமர்வு அறுவது இயல்பு. மாற்றம் சரியாக இருந்தாலும் திரும்பிவிடும், மறுபடி செய்தாலும் திரும்பிவிடும், ஏனென்று விளங்காது. அந்த வேலைக்கு "பெர்சிஸ்ட்" என்ற குறிச்சொல்லோடு கமிட் கொடுக்க வேண்டும். பிறகு புதிய முகவரிக்கு இன்னோர் அமர்வு திறந்து, அதே குறிச்சொல்லைச் சொல்லி உறுதிப்படுத்தலாம். கன்ஃபர்ம்ட் கமிட் 1.0 மட்டும் உள்ள உபகரணத்தில் இது கிடையாது. ஆகவே கேள்விப்பத்திரத்தில் 1.1 என்ற இலக்கம் கட்டாயம் வேண்டும்.

கெடு ஓடும்போது கரண்ட் போனால்? எழும்பும்போது பழைய நிலைக்குத்தான் போக வேண்டும் என்கிறது தரநிர்ணயம். வாங்குமுன் இதைப் பிளக்கை இழுத்தே பாருங்கள். அதேபோல், எழும்பும்போது படிக்கும் ஸ்டார்ட்அப் கொன்ஃபிக் தனியாக உள்ள உபகரணங்களில் நிரந்தரக் கமிட்டுக்குப் பின் அதையும் சேமிக்க வேண்டும். சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்ஈயில் அதற்கென்று தனியான "சேவ் கொன்ஃபிக்" அழைப்பு ஒன்று இருக்கிறது. அதை மறந்தால் அடுத்த மின்தடையில் மூன்று மாத மாற்றங்கள் காணாமல் போகும். அதே மென்பொருளில் கண்டிடேட் வசதி முதலிருந்தே திறந்து கிடக்காது, தனிக் கட்டளையால் திறக்க வேண்டும். ஆகவே "நெட்கொன்ஃப் உண்டா?" என்று கேட்டால் "ஆம்" வரும், கண்டிடேட் இல்லாத நெட்கொன்ஃபில் நாம் தேடும் சங்கதி இல்லை.

ரெஸ்ட்கொன்ஃப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2017 ஜனவரியில் ஆர்எஃப்சி 8040. வலைப்பக்கங்களின் எச்டிடிபிஎஸ் மேல் ஓடும் கொன்ஃபிக் நெறிமுறை இது; ஜேசன் வடிவில் தரவு அனுப்பலாம், கேர்ல் என்ற சிறு கருவி இருந்தாலே போதும். இளம் மென்பொருளாளர்களுக்கு உடனே பிடிக்கும். ஆனால் பூட்டு இல்லை, வரைவுத்தாள் இல்லை, கெடு இல்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் வந்தவுடன் நடைமுறை. உபகரணத்தில் கண்டிடேட் இருந்தாலும் ரெஸ்ட்கொன்ஃப் வழியே வந்த மாற்றம் தானாகவே கமிட் ஆகிவிடும். இதில் மிக இலகுவாகச் செய்யக்கூடிய பெரிய பிழை "புட்". குறித்த இடத்தில் உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டு நீங்கள் கொடுத்ததை வைப்பதே அதன் வேலை. ஒரு போர்ட்டின் விவரத்தை மாற்ற எண்ணி, இன்டர்பேஸ்கள் அனைத்தையும் அடக்கிய முகவரிக்கு அந்த ஒரு போர்ட்டை மட்டும் "புட்" செய்தால் மற்றப் போர்ட்டுகளின் கொன்ஃபிக் போய்விடும். "பட்ச்" என்றால் சேர்த்துக்கொள்ளும். இன்டர்பேஸ் பெயரில் உள்ள சாய்கோட்டையும் முகவரியில் அப்படியே எழுத முடியாது, சதவீதக் குறியோடு 2எஃப் என்று மாற்ற வேண்டும். இல்லையென்றால் 1/0/24 என்பது மூன்று படியாகப் பிரிந்து "அப்படி ஒன்று இல்லை" என்று பதில் வரும். உதவி மேசையில் ஒரு போர்ட்டை ஒரு விலானிலிருந்து மற்றதற்கு மாற்றும் சிறு பக்கம், உபகரண விவரம் வாசிப்பது போன்றவற்றுக்கு இது நல்லது. நகரை நோக்கிய இணைப்பை இதால் தொட வேண்டாம்.

ஜிஎன்எம்ஐ என்ற இன்னொரு நெறிமுறையை விற்பனையாளர்கள் இப்போது முன்னுக்குத் தள்ளுகிறார்கள். ஓப்பன்கொன்ஃபிக் குழுவின் ஆக்கம், ஜிஆர்பிசி என்ற தொடர்புமுறையின் மேல் ஓடுவது. அதன் பலம் சந்தா: நாம் போய்ப் போய்க் கேட்காமல் உபகரணமே அனுப்பிக்கொண்டிருக்கும். போர்ட் விழுந்த கணமே செய்தி வேண்டுமென்றால் மாற்றம் வரும்போது அனுப்பும் முறை. எண்ணிகளுக்கு இடைவெளி வைத்து அனுப்பும் முறை. இங்கே பலர் சறுக்கும் இடம், இடைவெளி நானோ செக்கனில் என்பது. 30 செக்கனுக்கு 30,000,000,000 என்று எழுத வேண்டும். வெறும் 30 எழுதினால் ஒழுங்கான உபகரணம் மறுத்துவிடும். 0 எழுதினால் தன்னால் முடிந்த வேகத்தில் கொட்டும், கிளையின் 4ஜி இணைப்பு தாங்காது. போர்ட்டுக்கும் ஒரே வழக்கம் இல்லை: பதிவு செய்யப்பட்டது 9339, அரிஸ்டாவில் வழமையாக 6030, நோக்கியாவில் 57400. தீச்சுவர் விதி எழுதுபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"செட்" மூலம் கொன்ஃபிக்கும் எழுதலாம். ஒரு வேண்டுகோள் முழுவதும் ஏற்கப்படும் அல்லது முழுவதும் தள்ளப்படும். அது நல்ல குணம். ஆனால் அடிப்படை வரையறையில் உறுதிப்படுத்தும் கெடு கிடையாது, பின்னர் ஒரு நீட்சியாகத்தான் சேர்ந்தது. நீங்கள் வாங்கும் பெட்டியில் அது இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஒரு பெரிய தரவுமையத்துக்கு என்றால் எங்கள் தெரிவு வேறாக இருந்திருக்கும். கிளை அலுவலகத்துக்கு ஜிஎன்எம்ஐயைக் காதாக வைத்துக்கொண்டு, நெட்கொன்ஃபைக் கையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மணிக்கூடும் ஒரு காரணம். ரெஸ்ட்கொன்ஃப், ஜிஎன்எம்ஐ இரண்டும், இணைப்பை மறைகுறியிடும் டிஎல்எஸ்ஸின் சான்றிதழில் தங்கியிருக்கின்றன. சான்றிதழுக்குத் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி உண்டு. விலை குறைந்த ரவுட்டர்களில் மணிக்கூட்டுக்கு பட்டரி இராது. கரண்ட் போய் வந்தால் சில 1970 என்று நினைத்துக்கொண்டு எழும்பும். அப்போது நம் சேர்வரின் சான்றிதழைப் பார்த்து "இது இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று உதறிவிடும். என்டிபி (வலையமைப்பு வழியே நேரம் தரும் நெறிமுறை) நேரம் கொடுக்கும் வரை பேச்சில்லை. அந்த என்டிபியும் டிஎல்எஸ் சுரங்கத்துக்குள் இருந்துவிட்டால் விடியாது. எஸ்எஸ்எச் திறவுக்கு நேரம் தேவையில்லை. மின்தடை வாடிக்கையான இடங்களில் எஸ்எஸ்எச் மேல் ஓடும் நெட்கொன்ஃபுக்கு இது பெரிய அனுகூலம். எதைத் தெரிந்தாலும், நேர சேர்வரைச் சுரங்கத்துக்கு வெளியே எட்டக்கூடியதாக வையுங்கள்.

4ஜியில் இருக்கும் கிளைகளுக்கு இன்னொரு சிக்கல். தொலைபேசி நிறுவனத்தின் பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் அந்த ரவுட்டர் இருக்கும். சேர்வரிலிருந்து அதைக் கூப்பிட முடியாது. இரண்டு வழி: ரவுட்டரே நகருக்கு ஒரு விபிஎன் சுரங்கம் கட்டுவது, அல்லது நெட்கொன்ஃபின் "கோல் ஹோம்". 2017இன் ஆர்எஃப்சி 8071 அது. உபகரணம் தானே 4334ஆம் போர்ட்டுக்குக் கூப்பிடும், அதன்பின் பேச்சை சேர்வர் நடத்தும். சுரங்கம் ஏற்கெனவே இருந்தால் இதற்கு மெனக்கெட வேண்டாம்.

நெறிமுறை ஒன்றானாலும் பேசும் சொற்கள் வேறாகலாம். அந்தச் சொற்களை வகுப்பது யாங்: 2010இல் வந்தது, 1.1 பதிப்பு 2016. ஒரே ஐபி முகவரியை ஐஇடிஎஃப் மாதிரியில் ஓரிடத்திலும், ஓப்பன்கொன்ஃபிக்கில் துணை இன்டர்பேஸ் 0இன் கீழும், உற்பத்தியாளரின் சொந்த மாதிரியில் வேறோரிடத்திலும் எழுத வேண்டும். இரண்டு மாதிரியில் கலந்து எழுதினால் ஒன்று மற்றதை மிதிக்கும். உபகரணத்துக்கு ஒரு மாதிரி என்று தீர்மானித்து அதிலேயே நில்லுங்கள். ஓர் உபகரணம் "இந்த மாதிரி உண்டு" என்று சொல்லிக்கொண்டே, "டீவியேஷன்" என்ற இணைப்பில் அதன் பாதியை "ஆதரவில்லை" என்று கழித்திருக்கலாம். ஆகவே வழங்கப்படும் ஃபேர்ம்வெயார் பதிப்புக்குரிய யாங் கோப்புகளை, டீவியேஷனோடு, விலைமனுவுடன் கேளுங்கள். "கெட் ஸ்கீமா" உள்ள உபகரணமாக இருந்தால் நீங்களே பெட்டியிலிருந்து இறக்கி ஒப்பிடலாம்.

மைக்ரோடிக் உபகரணங்கள் பற்றிக் கேட்பீர்கள். மலிவு, சிறு அலுவலகங்களில் நிறைய இருக்கிறது. அதன் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ்ஸில் நெட்கொன்ஃப் இல்லை. ஏழாம் பதிப்பிலிருந்து ரெஸ்ட் ஏபிஐ உண்டு. அது ரெஸ்ட்கொன்ஃப் அல்ல, யாங்கும் அதற்குப் பின்னால் இல்லை. "ரெஸ்ட் உண்டு" என்ற சொல் விலைமனுவில் ரெஸ்ட்கொன்ஃபாக வேடம் போட்டு வரும், பார்த்துக்கொள்ளுங்கள். அதன் முனையத்தில் "சேஃப் மோட்" இருக்கிறது, அமர்வு அறுந்தால் மாற்றத்தைத் திருப்பிவிடும். கையால் வேலை செய்பவருக்கு அது நல்ல துணை. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் உப அலுவலகத்துக்கு அந்தப் பெட்டியே போதும் என்பதுதான் எங்கள் கருத்து. மாவட்டத்தின் முதுகெலும்பான ரவுட்டர்களுக்குப் போதாது.

ஆகவே எல்லாப் பெட்டிக்கும் எல்லாம் கேட்க வேண்டாம். மேசைக்குக் கீழே கிடக்கும் 8 போர்ட் சுவிட்சுக்கு நெட்கொன்ஃப் கேட்டால் விலைதான் ஏறும். கிளையின் ரவுட்டருக்கும், நகரை நோக்கிய இணைப்பு ஏறும் சுவிட்சுக்கும் கேளுங்கள். அந்த ஒரு வரிக்குப் பதிலாக நாங்கள் முன்வைக்கும் வாசகம் இது:

"எஸ்எஸ்எச் மீதான நெட்கொன்ஃப் (ஆர்எஃப்சி 6241, 6242) இருத்தல் வேண்டும், ஹலோ செய்தியில் கண்டிடேட், கன்ஃபர்ம்ட் கமிட் 1.1, வலிடேட் ஆகியவை காணப்படுதல் வேண்டும். எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பு, அடையாள உறுதிப்பாடும் மறைகுறியீடும் சேர்ந்து, வாசிப்புக்கு மட்டும். 64 பிட் இன்டர்பேஸ் எண்ணிகளுடன். நெட்கொன்ஃப் அணுகலைப் பயனர் குழுவாரியாகக் கட்டுப்படுத்த முடிதல் வேண்டும் (ஆர்எஃப்சி 8341). வழங்கப்படும் ஃபேர்ம்வெயார் பதிப்புக்குரிய யாங் கோப்புகள் டீவியேஷனுடன் இணைக்கப்படல் வேண்டும். மேற்கூறியவற்றுக்கு மேலதிக உரிமம் தேவையெனில் அது நிரந்தரமா ஆண்டுதோறுமா என்பதும் விலையும் தனி வரியில் காட்டப்படல் வேண்டும்."

அணுகல் கட்டுப்பாட்டில் ஒரு சிறு எச்சரிக்கை. அந்த ஆர்எஃப்சியின்படி விதி ஒன்றும் எழுதாவிட்டால் எழுதுவது மறுப்பு, வாசிப்பது அனுமதி. கொன்ஃபிக்கை வாசிக்க முடிந்தவர் பாஸ்வேர்ட் ஹாஷ்களையும் வாசிக்கலாம். கண்காணிப்புப் பயனருக்கு எண்ணிகள் இருக்கும் பகுதியை மட்டும் திறந்து விடுங்கள்.

"ஆம்" என்ற எழுத்தை நம்பாமல் மாதிரி உபகரணம் ஒன்றை மேசையில் வைத்துப் பாருங்கள். ஒரு மடிகணினி, ஒரு கன்சோல் கேபிள், பைதனும் அதற்கான நெட்கொன்ஃப் நூலகமான என்சிகிளையன்டும், ஒரு மணித்தியாலம் போதும். ஹலோ செய்தியை அச்சிட்டுக் கோப்பில் இடுங்கள். நீங்கள் இணைந்திருக்கும் போர்ட்டையே மூடும் மாற்றத்தை 60 செக்கன் கெடுவோடு கமிட் செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்; அமர்வு அறுந்ததை உபகரணம் உடனே உணர்ந்தால் உடனேயும், உணராவிட்டால் கெடு முடிந்ததும் இணைப்பு திரும்ப வேண்டும். அடுத்து முகாமை முகவரியை பெர்சிஸ்டோடு மாற்றி, புதிய முகவரியிலிருந்து உறுதிப்படுத்துங்கள். மூன்றாவது தடவை கெடு ஓடும்போது பிளக்கை இழுத்து, மறுபடி போட்டு, எந்தக் கொன்ஃபிக்கோடு எழும்புகிறது என்று கன்சோலில் பாருங்கள். கடைசியாக, வேண்டுமென்றே பத்து வரியில் ஒன்றைப் பிழையாக எழுதி அனுப்புங்கள். மற்ற ஒன்பதும் உள்ளே போயிருக்கக் கூடாது.

வழங்குநரின் பிரதிநிதியும் அந்த மேசையில் இருக்கட்டும். பிளக்கை அவரே இழுக்கட்டும்.

இங்ஙனம்,
திருகோணமலையில் வலையமைப்புப் பராமரிப்புப் பணியில் உள்ள சிலர்